சாயங்கால டாக்டர்கள்

மங்கையர்க்கரசியின் இடுப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர்கள் புனேயின் சாங்விப் பகுதியில் யாரும் பாக்கியில்லை. கீழ்வீட்டு மராட்டிக்காரி மெத்தையை மாற்றச் சொன்னாள். மாற்றினார்கள், வலி அப்படியே இருந்தது. தமிழ்ச் சங்கத்தில் ஒரு மாமி மெத்தையே ஆகாது, தரையில் படு என்றாள். தரையில் படுத்த மறுநாள் காலையில் மங்கையைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவள் புருஷன் சுப்பையாவின் ஆபீசில் ஒருவர் காந்த வளையல் நல்லது என்று சத்தியம் செய்தார். அந்த வளையலை விற்பது அவருடைய மச்சினன்தான் என்பது வாங்கிப் போட்ட பிறகு தெரிந்தது. ஆளாளுக்கு வைத்தியம் வைத்திருந்தார்கள். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்கும் பொறுமை மட்டும் ஒருவரிடமும் இல்லை.

கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். விடிவதற்கு வெகு முன்பே வலி வந்து எழுப்பிவிடும். புரண்டு படுக்கக் கட்டிலின் விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் இடுப்பு, கஞ்சி போட்டுக் காயவைத்த துணிபோல விறைத்து நிற்கும். முகம் கழுவக் குனிய முடியாமல் நின்ற நிலையிலேயே தண்ணீரை வாரி அடித்துக்கொள்வாள். அப்புறம் அடுப்பு, துணி துவைப்பு, மகள் சஹானாவின் டிபன் டப்பா, வீடு பெருக்கல் என்று நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பதினொரு மணிக்கு அவள் மனுஷி. சாயங்காலத்தில் பார்க்கிறவர்கள் இவளுக்கா வலி என்பார்கள். மத்தியானம் தப்பித்தவறி ஒரு மணி நேரம் படுத்துவிட்டாளோ, மறுபடி காலையிலிருந்து ஆரம்பம்.

சுப்பையாவுக்குப் பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் வேலை. மற்றவர்கள் செலவுக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கு அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அந்தத் திறமையை வீட்டிலும் இலவசமாகக் காட்டுவார். மனைவியின் வலியில் அவர் கண்டுபிடித்த ஓட்டை இது.

"எந்திக்கத்தான் இவளுக்கு வலி. எந்திச்சு நாலு வேலையைப் பாத்தா வலி ஓடிப்போயிருது. படுத்தா திரும்ப வந்துருது. வேலை செஞ்சா சரியாவுற வியாதி உலகத்துல எங்கயாவது இருக்கா? சோம்பேறித்தனம் ஒண்ணுதான் அப்படிச் சரியாவும்."

இந்த வாக்கியத்தின் மேல் அவருக்கு அபாரமான காதல். விருந்தாளிகளிடம் சொன்னார், திருநெல்வேலிக்குப் போனால் மாமனார் வீட்டிலேயே சொன்னார், தமிழ் தட்டுத்தடுமாறும் மகளுக்கு இந்தியில் பெயர்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது வருஷம் சிரித்தார்கள். மங்கையும் சில நாள் சேர்ந்து சிரித்தாள். தனியாக இருக்கும்போது, ஒருவேளை நான் சோம்பேறிதானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஊரே கூடி ஒருத்தியைக் கள்ளி என்றால், அவளும் ஒரு நாள் தன் மடியைத் தடவிப் பார்க்கத்தானே செய்வாள்.

டாக்டரிடம் போகாமலில்லை. ஆனால் எப்படிப் போனார்கள் என்பதில்தான் இருக்கிறது அந்தக் குடும்பத்தின் மூளை. மங்கை புனேக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. காய்கறிக்காரனிடம் மராட்டியில் சண்டை போடுவாள், கேஸ்காரனை இந்தியில் திட்டுவாள். அப்படிப்பட்டவள் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் ஊமை. அங்கே பேசுவது சுப்பையாவின் உத்தியோகம். அவர் ஆபீஸ் முடிந்து வந்துதான் போக வேண்டும், ஆகவே டாக்டர்கள் எல்லோரும் சாயங்கால டாக்டர்கள்.

அது போதாதென்று, வெளியே கிளம்புகிறோமே என்று மங்கை தலைக்குக் குளிப்பாள். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, நெற்றியில் திருத்தமான பொட்டு, கிடைத்தால் தலையில் ஒரு முழம் பூ. கடைசியாக ஒரு வலி மாத்திரை. நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் நெளிந்துகொண்டு உட்கார முடியுமா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வலியைக் காட்டத்தான் போகிறோம் என்பது அவளுக்கு ஞாபகமிருந்தது. ஆனாலும் மரியாதையாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள். அவள் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. நாள் பூராவும் வேலை செய்து இளகின இடுப்பு, அதற்கு மேல் மாத்திரை. குனி என்றார் டாக்டர், குனிந்தாள். காலைத் தூக்கு என்றார், தூக்கினாள். ஸ்டெதாஸ்கோப்பை மடித்து வைத்துவிட்டு டாக்டர் சுப்பையாவைப் பார்ப்பார், சுப்பையா டாக்டரைப் பார்ப்பார், இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள்.

ஒருவர் கால்சியம் எழுதினார். ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். அவருடைய தொப்பை மேஜையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புத் தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று பெல்ட் மாட்டிவிட்டார். லேசான பிதுக்கம் இந்த வயதில் தெருவில் போகிற பாதிப் பேருக்கு இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. இன்னொருவர் மங்கையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வீட்டில் அம்மாவுக்கு ஏதாவது டென்ஷனா என்று சுப்பையாவிடம் விசாரித்தார். டென்ஷனே அவர்தான் என்று சொல்ல அந்த அறையில் ஆளில்லை. நடுவில் ஒரு தடவை அவள் வலது கண் ரத்தமாகச் சிவந்து வெளிச்சம் பட்டாலே குத்தியது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்துக் கண்ணை மட்டும் சரிசெய்தார். குதிகால் வலித்தபோது செருப்பை மாற்றினார்கள். கண்ணும் குதிகாலும் இடுப்பும் ஒரே பெண்ணுடையவை என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் அகல்யா மதினி காரியத்தில் இறங்கினாள். சுப்பையாவின் அக்கா. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறாள், வங்கிக்காரர் பெண்டாட்டி. ஆறு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவள். நல்ல நகைக்கடை தெரிந்தவர்கள் அந்தக் கடையைச் சிபாரிசு செய்வார்களே, அந்த மாதிரி தன்னுடைய டாக்டரைச் சிபாரிசு செய்வாள்.

"எனக்கும் இதே இடுப்பு வலிதான். எடுத்துப் போட்டேன், விட்டுது சனியன். இப்ப எப்படி இருக்கேன், பாரு" என்று எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

அந்த டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அதுவும் சாயங்காலம்தான். அந்தம்மாள் பேசினதெல்லாம் கணக்கு. வயது நாற்பத்தொன்று, பிள்ளை பெற்றாயிற்று, இனிமேல் அந்தப் பை எதற்கு? இருந்தால் தொந்தரவு, எடுத்தால் நிம்மதி. மங்கைக்கு மாதவிலக்கில் கோளாறு ஒன்றுமில்லை. ஸ்கேனில் ஏதோ ஒரு சின்னக் கட்டி இருக்கிறதாம், அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாதாம், ஆனாலும் எடுத்துவிடலாமாம். பழைய பீரோவைக் காலிசெய்கிற மாதிரிப் பேசினாள்.

வீட்டுக்கு வந்ததும் மங்கை வேண்டாம் என்றாள். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்றில்லை, ஆனால் ஒரு தப்பும் செய்யாததை எதற்கு அறுத்து எறிய வேண்டும் என்று கேட்டாள். சுப்பையா சட்டையைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"அப்ப வலிக்குதுன்னு இனிமே சொல்லாத. நெசமா வலிக்கவ இப்படி வேண்டாம்னு நிக்க மாட்டா."

எப்படிப்பட்ட கணக்கு பாருங்கள். ஆபரேஷன் வேண்டாமென்றால் வலி பொய். வலி நிஜமென்றால் கர்ப்பப்பையைக் கொடு. மூன்று நாள் அவள் யோசித்தாள். கொடுத்துவிட்டாலாவது கள்ளி இல்லை என்று நம்புவார்களே என்று தோன்றியது. வலி போகும் என்ற நம்பிக்கையில் அவள் சம்மதிக்கவில்லை. தன் பேச்சுக்குச் சாட்சியாக உடம்பில் ஒரு பாகத்தை எடுத்து வைக்கத்தான் சம்மதித்தாள். அந்த வீட்டில் அதைவிட மலிவாக நம்பிக்கை கிடைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. காலை ஆறு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பூ கிடையாது, புடவை கிடையாது, முதுகில் நாடா கட்டின பச்சை அங்கி ஒன்றுதான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மங்கையர்க்கரசி, உள்ளது உள்ளபடி, காலை நேரத்தில் ஒரு டாக்டர் முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

அந்த டாக்டர் மயக்க மருந்து கொடுக்கிற பாத்திமா. முப்பத்தைந்து வயதிருக்கும், முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டும், கட்டிலில் உட்கார்ந்து தலையைக் குனிந்து முதுகை வளைக்கச் சொன்னாள். மங்கை வளைத்தாள். அதாவது வளைப்பதாக நினைத்தாள். தோள் மட்டும் முன்னால் வந்தது, இடுப்பு பலகையாக நின்றது. பக்கவாட்டில் படுத்து முழங்காலை வயிற்றோடு மடிக்கச் சொன்னாள். மடிக்கும்போது மங்கை பல்லைக் கடித்த சத்தம் நர்ஸுக்குக் கேட்டது. பாத்திமா கையுறையோடு அவள் முதுகில் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தாள். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு வந்து முடிகிற இடத்தின் இரண்டு பக்கமும் அழுத்தியபோது மங்கைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாத்திமா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று இந்தியில் கேட்டாள். மங்கை பழக்கதோஷத்தில் கதவைப் பார்த்தாள். பேசுகிறவர் வெளியே இருக்கிறார் அல்லவா. அவரை வாசல் வரை வரவழைத்தார்கள். தூக்கக் கலக்கத்திலும் சுப்பையாவுக்குத் தன் கடமை மறக்கவில்லை. டாக்டரின் நேரத்தை மனைவி வீணாக்குகிறாள் என்ற வெட்கத்தில், வீட்டில் சொல்வதை அப்படியே நல்ல இந்தியில் ஒப்பித்தார். ஒன்றுமில்லை மேடம், தினமும் காலையில் இவளுக்கு இதே நாடகம்தான். எழுந்து வேலை செய்தால் சரியாகிவிடும், படுத்தால்தான் அதிகமாகும். ஒரு மாத்திரை போட்டால் ஓடியாடுவாள். நீங்கள் கொஞ்சம் அதட்டிச் சொல்லுங்கள்.

பாத்திமா சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்துக்குச் சிரிக்காத முதல் ஆள் அவள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சுப்பையா உற்சாகமாக இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு மங்கையின் எதிரில் உட்கார்ந்தாள். விடிகாலையில் வலி எழுப்புமா? எழுப்பும். எழுந்தபின் விறைப்பு இளக அரைமணிக்கு மேலாகுமா? ஆகும். கண் எப்போதாவது சிவந்து வலித்ததா? குதிகால்? மங்கை தன்னுடைய காய்கறிக்கடை இந்தியில் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னாள். இந்தக் கேள்விகள் எல்லாம் உலகத்தில் இருக்கின்றன, யாரோ எங்கேயோ படித்து வைத்திருக்கிறார்கள் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அழுதாள்.

கர்ப்பப்பை டாக்டர் வந்து கத்தினாள். தியேட்டர் தயார், நேரம் போகிறது, முழு மயக்கம் கொடுத்து முடித்துவிட வேண்டியதுதானே என்றாள். இடுப்பு வலிக்காகத்தான் இந்த ஆபரேஷன் என்றால் நான் எந்த மயக்கமும் கொடுப்பதாக இல்லை, முதலில் மூட்டு வாத டாக்டர் பார்க்கட்டும் என்று பாத்திமா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மங்கை தன் கர்ப்பப்பையோடு ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் சுப்பையா, அந்தப் பெண்ணுக்கு அனுபவம் பத்தாது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மூட்டு வாத டாக்டர் ரத்தம் எடுத்தார், இடுப்பெலும்பு மூட்டை மட்டும் தனியாக ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் என்றார். உடம்பின் காவல்படையே வழிதவறித் தன் மூட்டையே தாக்குகிறது, ஓய்வெடுத்தால் இறுகும், அசைந்தால் இளகும், இந்த வியாதியின் அடையாளமே அதுதான் என்று விளக்கினார். மாத்திரையும் உடற்பயிற்சியும் பார்ப்போம், போதாவிட்டால் ஊசி இருக்கிறது என்றார். மூட்டின் ஓரம் கொஞ்சம் அரித்திருக்கிறது, அது திரும்பி வராது, நாலைந்து வருஷம் முந்தி வந்திருக்கலாமே என்றார். அப்போது சுப்பையா சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கூர்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

வெட்கப்பட்டார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். ஒரே வாரத்தில் வியாதியைக் கண்டுபிடித்தவர் அவரென்று ஆகிவிட்டது. "டாக்டரம்மாவுக்கே நான்தானே எடுத்துச் சொன்னேன்" என்று சங்கத்தில் சொன்னார். அது ஒருவகையில் உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். அதோடு நிற்காமல், வேலைதான் மருந்தென்று டாக்டரே சொல்லிவிட்டதால் பாத்திரம் தேய்க்கிற மாவ்ஷியை நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனையும் கொண்டுவந்தார்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு, பாத்திரம் தேய்க்கச் சொல்லல" என்றாள் மங்கை. மறுநாள் காலையிலிருந்து வெந்நீரில் குளித்துவிட்டு, பாதி விறைப்போடு ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கப் போனாள். காலைக் காப்பியைச் சுப்பையாவே போட்டுக்கொண்டார். முதல் நாள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. இரண்டாம் நாளும் பொங்கியது. கணக்கு ஆபீசருக்குப் பால் பொங்குகிற நேரத்தைக் கணக்குப் போடத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து அகல்யா மதினி ஒரு காலையில் தனியாக வந்தாள். சுப்பையா ஆபீசுக்குக் கிளம்புகிற வரை ஜன்னலில் பார்த்திருந்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். சோபாவில் உட்காரும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மங்கைக்கு இந்த விஷயத்தில் ஒன்பது வருஷ அனுபவம். மதினிக்கு வலிக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இதை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மதினி பொதுவாகப் பேசினாள். சஹானாவின் பரீட்சை, வெங்காய விலை, ஊரில் யாருக்கோ கல்யாணம். எழுந்திருக்கும்போது மெதுவாக, உனக்குக் கொடுக்கிற அந்த மாத்திரை மற்றவர்களுக்கும் கேட்குமா என்று கேட்டாள்.

"யாருக்கு மதினி?"

மதினி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உங்களுக்கு வலி போகவே இல்லையா?"

"ஆறு மாசம் இல்லாத மாதிரி இருந்துச்சு. பொறவு வந்துட்டு."

மங்கைக்குக் கோபம் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினவள். ஒவ்வொரு விசேஷத்திலும் பத்துப் பேர் நடுவில் என்னைப் பார் என்று நின்றவள். வலி போகவில்லை என்று தெரிந்துகொண்டே என்னை அந்தக் கத்திக்கு அனுப்பினீர்களா என்று கேட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் அந்த வீட்டில் அப்படி ஒரு குரலை மதினி கேட்டதில்லை. அவள் மறுபடி சோபாவில் உட்கார்ந்தாள்.

"எடுத்தும் வலி போகலன்னா, அப்ப எதுக்கு எடுத்தேன்னு கேப்பாவல்ல. அதுக்கு நான் என்ன சொல்ல? உனக்காவது போயிருச்சுன்னா, எடுத்தது சரின்னு ஆயிரும்னு நெனச்சேன்."

இவ்வளவு கேவலமான ஒரு காரணத்தை மங்கை கேட்டதேயில்லை. அதே சமயம், கள்ளி இல்லை என்று காட்ட தன் கர்ப்பப்பையைத் தரச் சம்மதித்தவளுக்கு அந்தக் காரணம் நன்றாகப் புரிந்தது. புரிந்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது. வேறு யாருக்கெல்லாம் இந்த யோசனை சொன்னீர்கள் என்று கேட்டாள். மதினி முந்தானை நுனியைச் சுருட்டினாள். நாலைந்து பேருக்குச் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் யாரும் போகவில்லை. பட்டு மட்டும் அந்த டாக்டரிடம் போயிருக்கிறாள். பக்கத்தில் ஔந்துப் பகுதியில் இருக்கிற பட்டு, கோயம்புத்தூர்க்காரி, முப்பத்தாறு வயது. அவளுக்கும் இடுப்புதான்.

"எப்ப ஆபரேஷன்?"

"நாளைக்கழிச்சு."

மங்கை மதினியின் கைப்பையைத் திறந்து போனை எடுத்து அவள் கையில் வைத்தாள். நீயே சொல்லேன், வியாதி பெயரெல்லாம் உனக்குத்தானே தெரியும் என்றாள் மதினி. மங்கை அசையவில்லை. பட்டு நம்பியது என்னை இல்லை, உங்களை என்றாள். தம்பிக்குத் தெரிய வேண்டாம், எங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே வேண்டாம் என்று மதினி கெஞ்சினாள். அதைப் பிறகு பார்க்கலாம் என்றாள் மங்கை.

போன் அடித்தது. பட்டு எடுத்து, மருதாணி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா அக்கா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். அகல்யா மதினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பட்டு, ஒண்ணு சொல்லுதேன், கேளு. எனக்கு வலி போகல. போயிட்டுன்னு சொன்னது பொய்."

 பட்டு அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள். அப்புறம் எதுக்குங்க்கா எடுத்தீங்க?

ஆறு வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்து ஒருத்தி ஊரெல்லாம் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாளோ, அது வந்துவிட்டது. மதினி மங்கையைப் பார்த்தாள். மங்கை உதவிக்குப் போகவில்லை.

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல, பட்டு. எடுத்துட்டாவ" என்றாள் மதினி. "நீ போகாத."